‘அநியாயமே’ அணியில் இடமில்லை

அக்டோபர் 7, சனி

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர் கூடவே ஒரு தண்டனையும் கொடுத்துவிட்டார். கோபம் வந்தால் கத்தக் கூடாதாம், எழுத வேண்டுமாம். சரி, எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன். என் மகள் தென்றலுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தவகையில் பாதுகாப்பு. மனைவி அமுதவல்லிக்கு நன்றாகவே படிக்க வரும். ஆகவே சில சமாசாரங்களை இதில் எழுதப்போவதில்லை.

இன்றைய கோபம் ஷெரில் என்ற அம்மாளின் மேல். தென்றல் பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரிகளுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர இந்த அம்மாளுக்குக் காசு கொடுக்கிறேன். அவர் சொல்கிறார்: “இந்தியப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே அச்சு. கணக்கு, வயலின், பரதநாட்டியம். கட்டுரையில் வேறு எதையாவது சொல்லுங்கள். குடும்பம் எங்கிருந்து வந்தது, என்ன கஷ்டம் பட்டது, அந்த மாதிரி.” எங்கள் குடும்பத்துக்குக் கஷ்டமே கிடையாது என்று சொன்னேன். ஷெரில் முகம் வாடிவிட்டது.

திரும்பி வரும்போது காரில் தென்றல் பிடித்துக்கொண்டாள். “அப்பா, நீ சின்ன வயசுல எப்டி இருந்தே?”

“எல்லாரையும் மாதிரிதான். சென்னை.”

“சென்னைல எங்க?”

“சிக்னலைப் பாரு, பச்சை விழுந்துடுச்சு.”

காரை ஓட்டிக்கொண்டிருந்தது நான்.

சென்னை என்பது பொய்யில்லை. சென்னையிலிருந்துதான் விமானம் ஏறினேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

தமிழ் மன்றத்தின் தீபாவளி விழாக் கூட்டம், பழனியப்பன் வீட்டு அடித்தளத்தில். தலைவர் பத்ரி இந்த வருஷம் பட்டிமன்றத் தலைப்பை அறிவித்தார்: ‘கல்லூரியில் இடம் கொடுக்க இனம் பார்ப்பது நியாயமே, அநியாயமே!’

இந்த ஊரில் தமிழ் ஆட்கள் வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. இத்தனை வருஷம் இங்கே கல்லூரிகள் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஸ்பானிய வழிப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கைகொடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தன. அதனால் நம் பிள்ளைகளின் இடம் போகிறது என்று எல்லாருக்கும் வயிற்றெரிச்சல். ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், இனி இனம் பார்க்காதே என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. அன்று எங்கள் வாட்ஸாப் குழுவில் லட்டுப் படங்களாக வந்து விழுந்தன. பாதி லட்டு நான் அனுப்பியது.

“அநியாயமே அணிக்கு யார் யாரு?” என்றார் பத்ரி. அறையில் கை தூக்காதது ஒரு கைக்குழந்தை மட்டும்தான். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

“நியாயமே அணிக்கு?” எல்லாரும் சமோசாவைப் பார்த்தார்கள்.

பட்டிமன்றத்துக்கு இரண்டு அணி வேண்டும். அதுதான் விதி. பத்ரி என்னையே பார்த்துச் சிரித்தார். “ரத்னம் சார், இந்த விஷயத்துல உங்க அளவுக்குப் படிச்சவங்க யாரு? எதிராளி என்ன பேசுவான்னு உங்களுக்குத்தான் அத்துப்படி. நியாயமே அணித் தலைவர் நீங்கதான்!”

நான் வாயைத் திறப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். பழனியப்பன் அநியாயமே அணித் தலைவர். என் உயிர் நண்பர். என் இடத்தைத் தட்டிப் பறித்துக்கொண்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அமுதவல்லி சிரித்த சிரிப்பில் தோசை கருகிவிட்டது.

அக்டோபர் 14, சனி

காலை முழுக்க இலை பெருக்கினேன். இந்த ஊர் மரங்களுக்கு வெட்கமே கிடையாது, பெருக்கிய இடத்திலேயே திரும்பக் கொட்டுகின்றன.

என் அணிக்கு ஆள் கிடைத்தாயிற்று. ஒருவர் டாக்டர் வீட்டு மீனலோசனி. புதுப் பட்டுப்புடவையோடு மேடை ஏறினால் போதும், எந்தப் பக்கம் என்பது அவருக்குப் பொருட்டில்லை. இன்னொருவன் ஜெரால்டு, இங்கே ஆராய்ச்சி மாணவன். “அங்கிள், பேசறவங்களுக்குச் சாப்பாடு ஃப்ரீயா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டான். நியாயத்தை நிலைநாட்டப்போகும் படை இது.

அமுதவல்லி காபி கொடுக்கும்போது கேட்டாள். “ஏங்க, ஊர்ல இருந்திருந்தா நீங்க எந்தப் பக்கம் பேசுவீங்க?”

“அது வேற, இது வேற.”

“எப்படி வேற?”

காபியில் சர்க்கரை ஜாஸ்தி என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

பேச்சுத் தயாரிப்பு. புள்ளிவிவரம் எல்லாம் பட்டிமன்றத்தில் எடுபடாது, கதை வேண்டும். நல்லவேளையாக எனக்கு ஒரு நண்பனின் கதை தெரியும்.

நண்பன் செய்யாறு பக்கம் ஒரு காலனியில் பிறந்தவன். அப்பா இல்லை. அம்மா நடவுக்குப் போய்க் காப்பாற்றியது. அரசாங்க விடுதியில் படித்தான். சோற்றில் புழு இருந்தால் ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும், எடுக்கும்போது முகத்தைச் சுளிக்கக் கூடாது, சுளித்தால் அடுத்த கரண்டி விழாது. இட ஒதுக்கீட்டில் சென்னையில் பெரிய பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் நாள் அறிவிப்புப் பலகையில் எல்லார் பெயரும் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் இன்னார் இன்ன பிரிவு என்றும் போட்டிருந்தது. மதியத்துக்குள் வகுப்பில் அவனுக்கு ‘கோட்டா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான்கு வருஷமும் அதுதான் பெயர். வாத்தியார் ஒருவர்கூட ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார். இவன் “யெஸ் சார்” என்று எழுந்து நின்றான்.

கராஜில் நின்று இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டேன். குளிர்காலம் வருகிறதல்லவா.

அமுதவல்லி கதவைத் திறந்தாள். “அந்த நண்பருக்கு மத்தியானம் என்ன பண்றது? சப்பாத்தியா, சாம்பார் சாதமா?”

சாம்பார் சாதம் என்றேன். இந்தப் பெண்பிள்ளைக்கு வாய் ஜாஸ்தி.

அக்டோபர் 29, ஞாயிறு

கோயிலில் புதிதாக வந்த ஒரு குடும்பம். அந்த மனிதர் பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டே ஆரம்பித்தார். “சார் எந்த ஊர்?” சென்னை. “சென்னையில எங்க?” மேற்கு மாம்பலம். “அட, எந்தத் தெரு?” மாறிக்கொண்டே இருந்தோம், வாடகை வீடு. “பூர்வீகம்?” காஞ்சிபுரம் பக்கம். “காஞ்சிபுரத்துல எந்தப் பக்கம்?” ஃபோன் வருகிறது என்று வெளியே வந்துவிட்டேன்.

எத்தனை வருஷமாக இதே சல்லடை. எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருக்கிறேன். தென்றலுக்கும் இதே பதில்கள்தான் தெரியும். அதற்கு மேல் தெரியவேண்டிய அவசியமில்லை. யாரும் அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிடக் கூடாது. நான் இருக்கும்வரை அது நடக்காது.

அக்டோபர் 31, செவ்வாய்

இந்த ஊர்ப் பேய்த் திருநாள். வாசலில் மிட்டாய் கேட்டுப் பேய் வேஷம் போட்ட பிள்ளைகள். மிட்டாய் தீர்ந்ததும் அமுதவல்லி ஒரு பேய்க்கு முறுக்கு கொடுத்தாள். பேய் வாங்கிக்கொண்டு போயிற்று.

நவம்பர் 5, ஞாயிறு

தென்றலின் கட்டுரை தயார். தலையில் இடி விழுந்தது எனக்கு. எதைப் பற்றி எழுதியிருக்கிறாள் தெரியுமா? பல்லுக்குப் போடும் கிளிப்பைப் பற்றி. பள்ளிக்கூடத்தில் சாப்பிடக் கழற்றி வைத்ததைத் தட்டோடு சேர்த்துப் பல முறை குப்பையில் போட்டுவிட்டாளாம், ஒவ்வொரு முறையும் குப்பைத் தொட்டியில் கையை விட்டுத் தேடினாளாம், அதில் வாழ்க்கையைக் கற்றுக்கொண்டாளாம்.

“ஏம்மா, வேற ஒண்ணுமே கிடைக்கலியா?”

“நீதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறியே. நம்ம ஃபேமிலில எதுவுமே நடக்கலன்னா நான் என்ன பண்றது? வி ஆர் சோ போரிங், அப்பா.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னவோ மாதிரி இருந்தது.

நவம்பர் 11, சனி

ஒத்திகை. தென்றலும் சோபாவில் உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும், “அந்த ஃப்ரெண்ட் இப்ப எங்கப்பா?” என்றாள்.

“தெரியாது. தொடர்பு விட்டுப்போச்சு.”

“ஐயோ, பாவம். தேடிப் பாக்கலாம்ல? ஆன்லைன்ல ஈஸியா கண்டுபிடிக்கலாம். ஃபுல் நேம் சொல்லு.”

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா போட்டாளா, கேட்கவில்லை.

நவம்பர் 19, ஞாயிறு

நேற்று விழா. உயர்நிலைப் பள்ளி அரங்கம் நிறைந்த கூட்டம். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பத்ரி நடுவர். பக்கத்தில் நேரம் முடிந்தால் அடிக்கும் மணி. முதலில் பழனியப்பன் பேசினார். ஜோக் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அண்ணனைப் பற்றிப் பேசினார். அண்ணனுக்கு அரை மார்க்கில் மருத்துவ இடம் போயிற்று. இட ஒதுக்கீட்டில் அவரைவிடக் குறைந்த மார்க் எடுத்தவனுக்குக் கிடைத்தது. அன்றைக்குப் புத்தகத்தை மூடியவர்தான், தேவகோட்டையில் பாத்திரக்கடையில் உட்கார்ந்தார், இன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொள்வாராம். சொல்லும்போது பழனியப்பன் குரல் உடைந்துவிட்டது. அந்த அண்ணன் பொய்யில்லை. எனக்கே கண் கலங்கியது. எதிரணியின் பேச்சுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அணித் தலைவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்புறம் நான். நண்பன், காலனி, விடுதி, பலகை, கோட்டா. கூட்டம் நன்றாகக் கேட்டது. அடுத்தது நண்பனின் அம்மா. கல்லூரியில் சேர்க்க வந்தபோது பிரின்சிபாலுக்குக் கொடுப்பதற்காக ஊரிலிருந்து ஒன்றைக் கையோடு எடுத்து வந்தது. உதவி செய்தவருக்கு வெறுங்கையோடு நன்றி சொல்வது அந்த ஊரில் வழக்கமில்லை. “பஸ்ல மடியில வச்சு ஒரு சேவலைக் கொண்டுவந்தாங்க” என்றேன். சிரிப்பு.

மூன்றாவது வரிசையிலிருந்து, நான் வழி தப்பிப் போகும்போது காரில் என்னைத் திருத்துவாளே, அதே குரலில் அமுதவல்லி சொன்னாள்: “சேவல் இல்லீங்க, வெடக்கோழி. அத்தையே எங்கிட்ட சொல்லியிருக்காங்க.”

முதலில் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு நின்றது. அத்தை என்றால் யார் என்பது ஒவ்வொருவருக்கும் புரிய ஆரம்பித்தது. அமுதவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். (வேண்டுமென்றே சொன்னாயா என்று இன்று காலை கேட்டேன். “தப்பா சொன்னா திருத்த வேணாமா?” என்கிறாள்.)

பத்ரி டக்கென்று மணி அடித்தார். “ரத்னம் சார், நேரம் முடிஞ்சது.” முடியவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அடித்தார், அது எனக்குத் தெரியும். ஒரு ஜோக் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். கால்கூட ஒரு அடி எடுத்துவிட்டது. அப்போது தென்றலைப் பார்த்தேன். கையில் ஃபோன் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நண்பனைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று சொன்ன பிள்ளை.

“பத்ரி சார், அந்த மணிய கீழ வைங்க” என்றேன். “வெடக்கோழிதான். எங்கம்மாதான் கொண்டாந்துச்சு.”

பத்ரி மணியைக் கீழே வைத்தார்.

“பிரின்சிபால் ரூமுக்குள்ள போயி, ‘எம் புள்ளைக்கு சீட்டு குட்த்தீங்கோ, இத வச்சிக்கோங்கோ சார்’னுச்சு. அவரு நல்ல மனுஷன். ‘நான் குடுக்கலம்மா, சட்டம் குடுத்துச்சு’ன்னாரு. எங்கம்மா கோழிய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு கேட்டுச்சு: ‘சரிங்க சார். அவுரு எந்த ரூம்ல கீறாரு?’”

யாரோ சிரித்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

“பழனியப்பன் அண்ணனுக்குப் போன சீட்டு மாதிரி ஒண்ணுலதான் நான் உக்காந்தேன். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. எங்கப்பனுக்கும் பாட்டனுக்கும் எத்தன சீட்டு போச்சுன்னு சொல்லி அழ எங்களுக்கு மேடையும் இல்ல. கோட்டால வந்து நான் ஒண்ணும் கிழிக்கலீங்க. தங்கப்பதக்கமெல்லாம் வாங்கல. முத செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போச்சு. அப்புறம் சுமாரா பாஸ் பண்ணேன். இன்னைக்கும் சுமாராத்தான் வேலை செய்றேன், என் மேனேஜரைக் கேட்டுப் பாருங்க. எங்கூட ஓப்பன்ல வந்தவனும் பாதிப் பேரு சுமாருதான். அவன யாரும் ‘நீ இந்த சீட்டுக்குத் தகுதியா’ன்னு கேக்கல. நான் மட்டும் எதுக்குங்க மேதையா இருக்கணும்? எல்லாரையும் மாதிரி சுமாரா இருக்க எனக்கு ஒரு எடம் வேணும். அவ்ளோதான்.”

இறங்கிவிட்டேன். ஜெரால்டு எழுந்து நின்று விசில் அடித்தான். சாப்பாட்டுக்காக வந்த பையன்.

பத்ரி தீர்ப்பு சொன்னார். நியாயத்திலும் அநியாயம் இருக்கிறதாம், அநியாயத்திலும் நியாயம் இருக்கிறதாம். கூட்டம் “ஏய்ய்” என்று கத்தியது.

சாப்பாட்டுக்கூடத்தில் சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. சிலர் என்னைக் கண்டதும் ரசம் எங்கே என்று தேடிக்கொண்டு போனார்கள். நேற்று மெனுவில் ரசமே கிடையாது.

காரில் தென்றல் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். பிறகு, “ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“உன்ன யாராச்சும் கொறச்சுப் பாத்துடுவாங்களோன்னு பயந்தேன்மா.”

“நீ ஃபர்ஸ்ட் டே லன்ச்சுக்குள்ள ‘கோட்டா’ ஆனே. எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லாமலே, நான் யாருன்னே தெரியாம இருந்தேன். எது பெட்டர்?”

நான் சிக்னலைப் பார்த்தேன். சிவப்புதான்.

நவம்பர் 23, வியாழன்

நன்றித் திருநாள். வருஷா வருஷம் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான், ஏழெட்டுக் குடும்பம் வரும். காலையிலிருந்து ஃபோன். ஒருவருக்கு இருமல், ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குத் திடீரென்று உறவினர். ஊருக்கே ஒரே நாளில் உடம்பு சரியில்லை. அமுதவல்லி அண்டா நிறைய பிரியாணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று இதிலும் எழுதினால் அப்புறம் இந்த நோட்டு எதற்கு?

வந்தது மூன்று பேர். மீனலோசனி வேறொரு பட்டுப்புடவையில். ஜெரால்டு, டப்பாக்களோடு. கடைசியில் பழனியப்பன். வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: “இத்தனை வருஷம் எங்கிட்டயே மேற்கு மாம்பலம்னு கதை விட்டிருக்கீரு. வெக்கமா இல்லையாய்யா?”

இதுவரை ‘வாங்க போங்க’ என்றுதான் பேசுவார். ‘யா’ போட்டுத் திட்டியது இன்றுதான் முதல் தடவை. உள்ளே கூட்டிவந்தேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னார். “அண்ணன்கிட்ட ஃபோன்ல எல்லாத்தையும் சொன்னேன். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அந்தக் கோழி என்ன ஆச்சாம்?”

“பியூன் வாங்கிக்கிட்டான். சட்டத்துக்கிட்ட நானே குடுத்துடறேம்மான்னு.”

பழனியப்பனுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தோம். இடம் கொடுப்பதில் எது நியாயம் என்பதில் அவர் கட்சி மாறவில்லை, சாப்பிட்டு முடிக்கும்வரை சண்டை போட்டார். இரண்டாம் முறை பிரியாணியும் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 26, ஞாயிறு

எனக்கு ஒரு யோசனை உதித்தது. கட்டுரை! செய்யாறு, காலனி, விடுதிச் சோறு எல்லாம் இருக்கிறதே! இனத்தைத்தான் பார்க்கக் கூடாது என்றது கோர்ட்டு, குடும்பத்துக்கு நேர்ந்ததைப் பிள்ளை எழுதினால் படிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஷெரிலுக்கு ஃபோன் செய்தேன். அந்த அம்மாள் சந்தோஷத்தில் கூவினார்.

மாடிக்கு ஓடினேன். “தென்றல், பல்லு கிளிப்ப தூக்கிக் கடாசு! பாட்டி கதைய எழுது!”

“முடியாது.”

“ஏன்?”

“நான் புழு எடுத்துட்டு சாப்பிட்டேனா? எனக்கு கார்ல சீட் ஹீட்டர் இருக்குப்பா. உன் கஷ்டத்துக்கு எனக்கு எப்டி மார்க் போடுவாங்க?”

“அடிப்பாவி, எல்லாரும் இல்லாத கஷ்டத்தையே எழுதறாங்க!”

“அது வேற, இது வேற” என்றாள் என் மகள்.

இருபத்தைந்து வருஷம் மூடி வைத்ததைத் திறந்து நீட்டுகிறேன், வேண்டாம் என்கிறாள். கோபத்தில் கீழே வந்து மழைநீர்க் குழாய்ப் பக்கமெல்லாம் இலை வாரினேன். வாரும்போது சிரிப்பு வந்தது. இந்தப் பெண்ணை நான் வளர்த்தேனா, அமுதவல்லியா?

டிசம்பர் 2, சனி

விண்ணப்பம் போய்விட்டது. பல் கிளிப்போடுதான் போயிருக்கிறது. கிடைத்தால் கிடைக்கட்டும், இல்லாவிட்டால் ஊரிலேயே மாநிலக் கல்லூரி இருக்கிறது.

மத்தியானம் தென்றல் வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “இப்ப சொல்லு. காலேஜுக்கு இல்ல, எனக்கு.”

சொன்னேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தேன். நடவு, மழையில் ஒழுகிய கூரை, ஊர்க் கிணற்றில் எங்களை வாளி போட விடாதது, தண்ணீருக்காக அம்மா வரப்பிலே காத்து நின்றது, சேற்றுக்காலோடு அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றது. இடையில் இரண்டு முறை அமுதவல்லி திருத்தினாள். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தேன்.

“உங்கம்மா உன்ன எப்டி கூப்பிடுவாங்க? ரத்னம்னா?”

“இல்ல. என் பேரு முனிரத்தினம். பாஸ்போர்ட்ல பாரு. இங்க வந்தப்பறம் முன்னாடி பாதிய விட்டுட்டேன்.”

“அப்ப எப்டி கூப்பிடுவாங்க?”

“முனின்னு கூப்புடும்.”

சொல்லி எத்தனை காலமாயிற்று. அம்மா போனபிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை.

“முனி” என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது புது வார்த்தையை அப்படித்தான் வாயில் வைத்துப் பார்ப்பாள்.

டிசம்பர் 3, ஞாயிறு

காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பத்ரியும் அவர் வீட்டம்மாவும் வந்திருந்தார்கள், பொங்கல் விழாவுக்கு என்னைப் பேச அழைக்க. அந்த அம்மாள் தட்டில் முறுக்கோடு உட்கார்ந்திருந்தார்.

மாடியிலிருந்து வீடே அதிரக் கத்தினாள் தென்றல். “முனீ! வைஃபை போயிடுச்சு!”

பத்ரி என்னைப் பார்த்தார். அமுதவல்லி என்னைப் பார்த்தாள். காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

“தோ, வரேம்மா!” என்று செய்யாறு வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினேன்.